பால்வழு

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பல்லாண்டுகளாக வகுப்பில் இதை நடத்துகிறேன். அந்த விதி எனக்கு மறைவிடமாகவும் இருந்ததை இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் தன்பால் ஈர்ப்புடையவன். என் காதல் கவிதைகள் யாவும் தலைவி கூற்று. நம்மாழ்வாரே பராங்குச நாயகியாகி உருகிய மொழியில், ஆணொருவன் பெண்குரலில் பாடினால் யார் ஐயுறப் போகிறார்கள்? ‘பெண்மனத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறீர்கள்’ என்று ஒரு சிற்றிதழாசிரியர் பாராட்டினார். அன்றிரவு நான் உறங்கவில்லை.

2009இல் தில்லி உயர்நீதிமன்றம் தளர்த்திய 377ஆம் பிரிவை, 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. அதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். மனச்சோர்வு அவ்வளவு நேரான கணக்கில் வருவதில்லை. ஆனால் அந்த மார்கழியோடு என் எழுத்து நின்றது. பங்குனியில் அறுபத்துமூவர் உலா மாடவீதியில் செல்ல, மூன்று நாள் குளிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பந்தலில் வாங்கிவந்த நீர்மோரைக் கதவருகே வைத்துவிட்டு அம்மா ஒன்றும் கேட்காமல் போனாள். மருத்துவர் ஒருவர், திருமணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்றார். (இப்படி ‘மாற்றும்’ சிகிச்சைகளை 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் தடைசெய்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் கேட்டறிந்த பின்பே தீர்ப்பெழுதினார். என் மருத்துவருக்கு அந்தப் பணிவு வாய்க்கவில்லை.) வேறொருவரிடம் சென்றேன். மாத்திரைகள் உறக்கத்தைத் திருப்பித் தந்தன, சொற்களைத் தரவில்லை.

2018 செப்டம்பரில் அந்தச் சட்டப்பிரிவின் பிடி விலகியது. அடுத்த ஆண்டு ஒரு மாணவன் கவிதை கொண்டுவந்தான். ‘அவன்’ என்பதையெல்லாம் ‘அவள்’ என்று திருத்தியிருந்தான். ஒரே ஒரு வினைமுற்றைத் தவறவிட்டிருந்தான்: அவள் வந்தான். பால்வழு. சிவப்பு மையால் சுழிப்பது என் தொழில். சுழிக்காமல், “இது பிழையா?” என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, “இல்லை ஐயா” என்றான்.

உவப்பின் காரணமாகப் பால் மயங்குவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. அதை அவனுக்குச் சொன்னேன். பின்பு, என்னைப் பற்றியும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே அதுவே முதல்முறை.

அவன் இப்போது வேறூரில் ஆசிரியன். வியாழன் மாலைகளில் இன்னும் நால்வர் வருகிறார்கள், திருத்தாத படிகளோடு. படுக்கையை விட்டெழ இயலாத காலைகள் இன்றும் உண்டு. வியாழனன்று மட்டும் எப்படியோ எழுந்துவிடுகிறேன். சென்ற வாரம் நானும் ஒரு கவிதை வாசித்தேன், தலைவன் கூற்றாக. தலைவி அதில் இல்லை.