மண்புழு நூலும் மடல்களும்

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். ஆண்டாப் ஹில் குடியிருப்பின் மீது இரவு முழுதும் பெய்த மழை விடியற்காலையில் ஓய்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் சிமெண்டு நடைபாதையில் கால்வைக்கத் தயங்கி நின்றனர். பாதையெங்கும் மண்புழுக்கள் நெளிந்தன. நீரில் ஊறிய தரையை விட்டு இரவிலேயே வெளியேறியவை அவை. பல உயிரற்றுக் கிடந்தன. சில பிள்ளைகள் அருவருப்புடன் தாண்டிக் குதித்தனர். தன் பாட்டியின் ஊரில் இதனை நாக்குப்பூச்சி என்பார்கள் என்றாள் ஒரு சிறுமி. ஒரு மாணவன் மட்டும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வாயிற்கதவு வரையிலும் புழுக்களை எண்ணிக்கொண்டே சென்றான். மொத்தம் 63. வகுப்பில் அதனைப் பெருமையுடன் அறிவித்தபோது, “எவ்வளவு தூரத்தில் எண்ணினாய்?” என்று தோழன் ஒருவன் கேட்டான். எண்ணியவனுக்கு விடை தெரியவில்லை.

1881ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் மாநகரத்து ஹைடு பார்க் நடைபாதையில் பிரான்சிஸ் கால்டன் என்னும் அறிஞரும் இதனையே செய்தார். அவர் தூரத்தையும் அளந்தார். ஓரிடத்தில் 16 தப்படி நீளத்துக்குள் 45 புழுக்கள் மடிந்து கிடந்தன. இச்செய்தியை அவர் தம் உறவினரான சார்லஸ் டார்வினுக்குத் தெரிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த டார்வினின் நூலில் அந்த எண்கள் அப்படியே இடம்பெற்றன.

அதுவே டார்வினின் கடைசி நூல். அப்போது அவருக்கு வயது 72. மண்புழுக்கள் மேல்மண்ணை உருவாக்கும் விதத்தையும் அவற்றின் பழக்கவழக்கங்களையும் பற்றியது அது. உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகையே கலக்கியவர் முதுமையில் புழுவைப் பற்றியா எழுதுவது என்று வியந்தவர்கள் இருந்தனர். உண்மையில் இது முதுமையில் தோன்றிய விருப்பம் அன்று. 1837ஆம் ஆண்டிலேயே இலண்டன் புவியியல் கழகத்தில் இப்பொருள் குறித்து அவர் கட்டுரை படித்திருந்தார். 1842இல் தம் இல்லத்துக்கு அருகிலிருந்த வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே கொணர்ந்த மண்ணால் மூடப்பட்டு, அத்துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் இருந்தன. ஒரு வினாவுக்கு விடை காண 29 ஆண்டுகள்! பொறுமைக்குப் பூமியை உவமை சொல்வது தமிழ் மரபு. இங்கோ பூமியைத் தோண்டியவரே அப்பொறுமைக்கு உரியவராக இருந்தார்.

வீட்டினுள்ளும் ஆராய்ச்சி நடந்தது. மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றின்முன் ஊதுகருவி இசைக்கச் செய்தார். பியானோவை ஓங்கி ஒலிக்கச் செய்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒலி எழுப்பியபோது, அவை உடனே வளைக்குள் பதுங்கின. அவை ஒலியைக் கேட்பதில்லை, அதிர்வையே உணர்கின்றன என்பது புலனாயிற்று. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று மேற்பரப்பை அடைகிறது என்று கணக்கிட்டார்.

நூல் எவரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. மூன்று ஆண்டுகளில் 8500 படிகள் விற்றதாக அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் குறித்துள்ளார். விற்பனையைத் தொடர்ந்து மடல்கள் வந்து குவிந்தன. தம் தோட்டத்துப் புழுக்களைப் பற்றிச் சொல்லவேண்டும் என்ற ஆர்வம் வாசகர் பலருக்கும் எழுந்தது போலும். முடிவில்லாத இம்மடல் வெள்ளத்தால் தாம் அல்லலுறுவதாக டார்வின் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பெரும்பாலானவை ஆர்வம் மிகுந்தவை, அறிவு குறைந்தவை என்று சலித்துக்கொண்டார். ஆயினும் அவற்றுள் சிலவற்றில் நல்ல உண்மைகள் இருந்தன என்பதையும் அதே மடலில் ஒப்புக்கொண்டார். அவ்வுண்மைகளை எடுத்து, ஆறாவது ஆயிரம் படிகளுக்கான திருத்தத்தில் சேர்த்துக்கொண்டார்.

பதில் எழுதுவதை அவர் ஒரு கடமையாகவே கொண்டிருந்தார். தொல்லை தரும் வாசகர்களுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு மறுமொழிப் படிவத்தை அச்சிட்டு வைத்திருந்தாராம். ஆனால் அதனை அரிதாகவே பயன்படுத்தினாராம். மகன் எழுதிய குறிப்பு இது. பதில் எழுதாத மடல் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கும். புகழ்பெற்றவர்கள் பலர் அப்படிவத்தை ஒரே மாதத்தில் தீர்த்திருப்பர். நோயாளியாகிய அவர் அவ்வாறு செய்திருந்தாலும் குறைகூற யாருமில்லை.

அறியாதவரின் மடலையும் பிரித்துப் படிக்கும் வழக்கத்தால் அவர் பெற்றது என்ன? பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மடலைக் கொண்டு அதனை அறியலாம்.

1862ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆர்க்கிட் மலர்களைப் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்தது. அக்ரோபெரா என்னும் ஆர்க்கிட்டை அதில் அவர் ஆராய்ந்திருந்தார். அம்மலரின் சூலகமுடியில் உள்ள பிளவு மிகவும் குறுகியது. மகரந்தத் திரள் அதனுள் நுழையாது. ஆகவே தாம் கண்டவை ஆண்மலர்களே என்று அவர் முடிவு செய்தார். நவம்பர் மாதத்தில் எடின்பரோ தாவரவியல் தோட்டத்திலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஜான் ஸ்காட். வயது 26, அத்தோட்டத்தில் செடிகளைப் பெருக்கி வளர்க்கும் பணியாளர். டார்வின் அவரை அதற்குமுன் அறிந்ததில்லை. தாம் அதே செடியின் மலரில் மகரந்தத்தைச் செலுத்தியதையும், அதில் காய் உருவானதையும் அவர் பணிவான சொற்களில் தெரிவித்திருந்தார். காய்த்த மலர் எவ்வாறு ஆண்மலர் ஆகும்?

நாடறிந்த அறிஞரின் நூலில் பிழை இருப்பதாகத் தோட்டப் பணியாளர் ஒருவர் எழுதுவது அக்காலத்தில் எளிய செயல் அன்று. அம்மடல் குப்பைக்குப் போயிருக்கலாம். ஸ்காட்டின் மேலதிகாரிகளிடம் முறையீடாகவும் போயிருக்கலாம். டார்வின் உடனே நன்றி தெரிவித்து மறுமடல் எழுதினார். அச்செய்தி தம்மை வியப்பில் ஆழ்த்தியதாகவும், அச்சுறுத்தியதாகவும் அவர் மறைக்காமல் கூறினார். இம்மலரில் தவறியிருந்தால், வேறோர் ஆர்க்கிட்டைப் பற்றிய முடிவிலும் தவறியிருக்கலாம் அல்லவா? அந்த அச்சத்துடனேயே மேலும் விவரங்களைக் கேட்டார். மடல்கள் தொடர்ந்தன. ஸ்காட்டைத் தம் ஆய்வுகளை எழுதி வெளியிடுமாறு தூண்டினார். 1877இல் வந்த இரண்டாம் பதிப்பில் தம் பிழையை ஸ்காட்டின் பெயரைச் சொல்லியே திருத்தினார்.

ஸ்காட் 1864இல் எடின்பரோ வேலையை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார். பயணச் செலவுக்கு டார்வின் உதவினார். கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்தில் அவர் பொறுப்பேற்றார். அங்கிருந்தும் மடல்கள் சென்றன. மண்புழுவைப் பற்றி டார்வின் கேட்டபோது, வங்காளத்து மண்ணில் புழுக்கள் செய்யும் வேலையை ஸ்காட் கவனித்து எழுதினார். கல்கத்தாத் தோட்டத்தில் புழுக்கள் எழுப்பிய மண்கட்டிகள் சிறு கோபுரங்களைப் போன்றவை. அவற்றுள் ஒன்றன் படம் டார்வினின் நூலில் உண்மையான அளவிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

அதனை அடுத்துள்ள படம் தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அது நீலகிரி மண். அத்தோட்டத்தின் கண்காணிப்பாளரான ஜார்ஜ் கிங், நீலகிரி மலையில் புழுக்கள் வெளித்தள்ளிய பெருங்கட்டிகளைத் திரட்டி டார்வினுக்கு அனுப்பினார். வெயிலில் நன்கு உலர்த்திய பின்பும் அவற்றுள் மிகப் பெரியது 123 கிராம் எடை இருந்தது. எடையைக் குறித்த இடத்தில் டார்வின் வியப்புக்குறி இட்டுள்ளார். நீலகிரியின் ஒரு பிடி மண் கப்பலேறிக் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தராசில் ஏறியதை எண்ணினால், அக்குறி தகும் என்றே தோன்றுகிறது.

இந்நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1891இல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம் ஒரு நாங்கூழ்ப் புழுவை விளித்து, உழவருக்கு அது செய்யும் உதவியைப் போற்றிப் பேசும். நாங்கூழ் என்பது மண்புழுவுக்குத் தமிழில் உள்ள பழம்பெயர். ஒரே எளிய உயிரை, இங்கிலாந்தில் ஒருவர் அளந்து பார்த்தார். இங்கே ஒருவர் அழைத்துப் பேசினார்.

மண்புழு நூலை ஸ்காட் பார்க்கவில்லை. 1880இலேயே அவர் மறைந்துவிட்டார். நூல் வெளிவந்து ஆறு மாதங்களில், 1882 ஏப்ரல் 19ஆம் நாள், டார்வினும் மறைந்தார். அவர் எழுதியவையும் பெற்றவையுமாக 15,000க்கும் மேற்பட்ட மடல்கள் இன்று திரட்டப்பட்டு, பல தொகுதிகளாக வெளியிடப்பட்டுள்ளன. ஸ்காட்டின் முதல் மடலும் அவற்றுள் உண்டு.

ஆண்டாப் ஹில்லில் மறுநாள் வெயில் அடித்தது. புழுக்களை எண்ணிய மாணவன் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே வீட்டைவிட்டுப் புறப்பட்டு, படிக்கட்டிலிருந்து வாயிற்கதவு வரை காலடி வைத்து அளந்தான்; 118 தப்படி. எண்ணுவதற்கு ஒரு புழுவும் இல்லை. பாதையோரத்துப் புல்லில் மட்டும் சிறுசிறு மண்கட்டிகள் உலர்ந்துகொண்டிருந்தன. தூரத்தைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அருகில் சிறிது இடம் விட்டு வைத்தான்.