தெசலோனிக்கிப் பிரயாண ஆயத்தம்

ஸ்டுட்கார்ட்,
தை மாதக் கடைசி.

அன்புள்ள ஆசிரியருக்கு,

வருகிற மார்ச் மாதத்தில், கிரேக்க தேசத்தின் வடபாகத்தில் உள்ள தெசலோனிக்கி என்னும் புராதனத் துறைமுகப் பட்டினத்துக்குச் சென்று ஒன்பது நாள் தங்கி வருவதென்று நானும் என் மனைவியும் தீர்மானித்து, இரண்டு மாதமாக அதற்கான ஆயத்தங்களில் ஈடுபட்டிருக்கிறோம். போய்த் திரும்பிய பிறகு எழுதுவதே இத்தகைய மடல்களின் சம்பிரதாயம். ஆயினும், ஆயத்தம் செய்யத் தொடங்கிய நாள் முதல் என் மனம் அந்த ஊரை விட்டு விலகி நான் பிறந்த ஊரையே சுற்றிச் சுற்றி வருகிறபடியால், புறப்படும் முன்னரே இதை எழுதத் துணிந்தேன்.

வேதாகமம் படித்த நம்மவருக்கு இந்தப் பட்டினத்தின் பெயர் புதிதன்று. கி.பி. 50-ஐ ஒட்டி அங்கே சென்று உபதேசித்த பவுல் அப்போஸ்தலர், அவ்வூர்ச் சபையாருக்கு எழுதியனவாக வழங்கும் இரண்டு நிருபங்கள் தெசலோனிக்கேயர் என்ற தலைப்போடு நம் பாஷையிலும் நிலைத்துவிட்டன. அவற்றுள் முதலாவது, புதிய ஏற்பாட்டு நூல்கள் யாவற்றிலும் காலத்தால் முந்தியது என்பது அறிஞர் பலரின் துணிபு. கி.மு. 315-ல் மாசிடோனியாவை ஆண்ட கசாண்டர் இந்தப் பட்டினத்தை ஸ்தாபித்துத் தன் மனைவியின் பெயரைச் சூட்டினான். அவள் மகா அலெக்ஸாண்டருக்கு மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரி.

துறைமுகப் பட்டினத்துக்குக் கடல் வழியாகவே போய்ச் சேரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு ஊரின் முகம் கடலைப் பார்த்துத்தான் இருக்கும் என்ற எண்ணம் மாறுவதில்லை. ஆனால் விசாரித்துப் பார்த்ததில், இத்தாலியின் அங்கோனாவில் கப்பலேறினாலும், அது மேற்குக் கரையில் இகுமெனிட்சாவில்தான் இறக்கிவிடும்; அங்கிருந்து பிண்டஸ் மலைத்தொடரைச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து செல்லும் எக்னாத்தியா நெடுஞ்சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தரையிற் சென்று, பட்டினத்தின் முதுகுப்புறமாக நுழைய வேண்டும் என்று தெரிந்தது. முதலில் மனம் சோர்ந்தது. பிறகு யோசித்துப் பார்க்கையில் அதுவே தகுந்த வழி என்று பட்டது. அட்ரியாட்டிக் கரையிலிருந்து பைசாந்தியம் வரைக்கும் ரோமர் போட்ட ராஜபாட்டைக்கும் எக்னாத்தியா என்றே பெயர். புதிய சாலை பழைய தடத்தை அப்படியே பின்பற்றவில்லை என்றாலும் பெயரைக் கைவிடவில்லை. பட்டினத்தின் நடுவே ஓடும் பெருந்தெருவுக்கும் இன்றுவரை அதே பெயர்தான். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் அவ்வளவே. ஆனாலும் நாங்கள் கப்பலுக்கே சீட்டு எடுத்துவிட்டோம்.

எந்த மாதம் போவது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. அக்டோபர் 26 அப்பட்டினத்தின் காவற்புனிதரான தெமேத்ரியோஸின் திருநாள். நானூற்றெண்பது ஆண்டுத் துருக்கிய ஆட்சி முடிந்து 1912-ல் பட்டினம் கிரேக்கர் வசமானதையும் அதே திருநாளோடு சேர்த்தே கொண்டாடுகிறார்கள். திருவிழாக் கோலத்தில் ஒரு ஊரைப் பார்ப்பது ஆனந்தம்தான் என்று என் மனைவி அந்தப் பக்கமே சாய்ந்தாள். மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல. எங்களுக்கு மேல் மாடியில் வசிக்கும் கிரேக்க மூதாட்டி.

அவர் 1944-ல் தெசலோனிக்கியில் பிறந்தவர். ஜெர்மனியும் கிரேக்கமும் 1960-ல் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி ஆயிரக்கணக்கானோர் இங்கே வேலைக்கு வந்தார்களே, அந்த அலையில் தம் இருபத்தோராம் வயதில் வந்து, முப்பத்தைந்து வருஷம் ஆலை ஒன்றில் இயந்திரத்தின் முன் நின்று உழைத்து ஓய்ந்தவர். எங்கள் பிரயாணச் செய்தியைக் கேட்டதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எள்ளுத் தூவிய வளையப் பாண்களை ஒரு தட்டு நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கூலூரி என்று அதற்குப் பெயர். அந்த ஊர்த் தெருமூலைகளில் விடியற்காலையிலேயே தள்ளுவண்டியில் வைத்து விற்பார்களாம். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைப் புரட்டிப்போட்டு, அதன் வெறும் பக்கத்தில் பென்சிலால் தம் ஊரைக் கீறத் தொடங்கினார்.

அடியில் ஒரு வளைந்த கோடு, அது கடல். அதன் வலது முனையில் வெண்கோபுரம். துருக்கியர் காலத்தில் சிறைச்சாலையாக இருந்து இரத்தக் கோபுரம் என்று பெயர் வாங்கிய அதை, 1890-ல் ஒரு கைதி தன் விடுதலைக்கு ஈடாக உச்சி முதல் அடி வரை வெள்ளையடித்துக் கொடுத்தான் என்பது ஊரார் சொல்லும் செய்தி. இடது முனையில் துறைமுகம். நடுவே கடலை நோக்கித் திறந்திருக்கும் அரிஸ்தாத்தில் சதுக்கம். 1917 ஆகஸ்டில் மூண்ட பெருந்தீயில் பட்டினத்தின் மத்தியபாகத்தில் பெரும்பகுதி எரிந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தபின், எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடச் சிற்பியின் தலைமையில் வகுத்த திட்டத்தில் எழுந்தது அது. கடலுக்குச் சமாந்தரமாக எக்னாத்தியாத் தெரு. அதற்கு மேலே தெமேத்ரியோஸ் ஆலயம். பிறகு செங்குத்தாக ஏறும் ஒழுங்கைகள். உச்சியில் பழைய மதில். எரிந்த பட்டினத்துக்கு மேலே, தீ எட்டாமல் தப்பிய அந்த மேல்நகரத்தில்தான் தம் வீடு இருந்தது என்று சொல்லி, ஒரு சிறு சதுரம் போட்டார். பாணிலிருந்து உதிர்ந்த எள்ளை விரலால் ஒற்றி எடுத்து வாயிற் போட்டுக்கொண்டே கீறினார்.

அந்த வீடு அவருடைய முன்னோர் கட்டியதன்று. 1923-ல் கிரேக்கமும் துருக்கியும் தம் குடிகளை மதத்தின் பேரால் பரிமாறிக்கொண்டபோது, தெசலோனிக்கியின் முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். சின்ன ஆசியாவிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்ட கிரேக்கர்கள் அவர்களுடைய வெற்று வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். மூதாட்டியின் தாயார் எட்டு வயதுச் சிறுமியாய் ஸ்மிர்னாப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். 1913-ல் எடுத்த குடிமதிப்பில் அந்தப் பட்டினத்தின் ஏறத்தாழ 1,58,000 பேரில் 61,000 பேர் யூதர், 46,000 பேர் முஸ்லிம்கள், 40,000 பேர் கிரேக்கர். யூதரில் பெரும்பாலோர் 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் சந்ததியார். நானூறு வருஷத்துக்குப் பிறகும் வீட்டில் பழைய ஸ்பானிய மொழியையே பேசி வந்தவர்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் ஆகையால் அன்று துறைமுகமே வேலை நிறுத்தி உறங்குமாம். உலகத்தின் எந்தத் துறைமுகத்தைப் பற்றியும் இப்படி ஒரு செய்தியை நான் கேள்விப்பட்டதில்லை.

படத்தைக் கீறி முடித்த பிறகு, அந்தச் சிறு சதுரத்துக்குள் ஒரு புள்ளி வைத்து, தம் வீட்டு முற்றத்தில் ஒரு சலவைக்கல் பதிந்திருந்ததாகச் சொன்னார். சிறுமியாக இருந்தபோது அதன்மேல் கரித்துண்டால் கட்டம் கீறிக் கெந்தி விளையாடுவாராம். கல்லில் ஏதோ கொத்தியிருந்தது; அழகுக்காகச் செய்த பூவேலை என்று நினைத்திருந்தார். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சில வருஷம் கழித்து, ஹோப்பன்லாவ் மயானத்தின் வழியாக நடந்து போனவர், அங்கே யூதர் பகுதியில் சாய்ந்து நின்ற பழைய கல்லறைக் கற்களின் முன்னே அப்படியே நின்றுவிட்டார். தம் கால் பழகிய பூவேலை அங்கே வரிவரியாக நின்றது. அது எபிரேய எழுத்து. நாட்காட்டித் தாளின் ஓரத்தில் அந்த எழுத்துக்களில் இரண்டை அவர் எழுதிக் காட்டினார்; படிக்கத் தெரியாத எழுத்தை, எழுபது வருஷத்துக்குப் பிறகு, காலின் ஞாபகத்தைக் கொண்டே கை எழுதிற்று.

தெசலோனிக்கியின் யூத மயானத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த 1942 டிசம்பரில், பட்டின நிர்வாகத்தின் இசைவோடு அதை இடிக்கத் தொடங்கினார்கள். கற்கள் பாதை போடவும், சுவர் எழுப்பவும், முற்றம் பாவவும் ஊரெங்கும் போயின. அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஜூலையில், கடற்கரையை அடுத்த சுதந்திரச் சதுக்கத்தில் ஒன்பதாயிரம் யூத ஆண்களைக் கொடும் வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்தியிருந்தார்கள். 1943 மார்ச் 15-ல் முதல் ரயில் அவுஷ்விட்ஸுக்குப் புறப்பட்டது. ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 46,000 பேர் அனுப்பப்பட்டு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த உடனேயே கொல்லப்பட்டார்கள். மயானம் இருந்த நிலத்தில் இன்று அரிஸ்தாத்தில் சர்வகலாசாலை நிற்கிறது. அங்கே ஒரு ஞாபகச் சின்னம் எழும்ப 2014 வரை செல்ல வேண்டியிருந்தது. 2013 முதல் ஒவ்வொரு மார்ச் மாதத்திலும் அந்தச் சுதந்திரச் சதுக்கத்திலிருந்து பழைய ரயில் நிலையம் வரை ஊரார் மௌனமாக நடக்கிறார்கள். திருவிழாவுக்குப் போகாமல் அதற்குப் போங்கள் என்றார் மூதாட்டி. என் மனைவி மறு பேச்சுப் பேசவில்லை.

இனி என் சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்த வீடு யாழ்ப்பாணத்தில் சோனகதெருவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. 1990 அக்டோபர் 30-ஆம் தேதி, எனக்குப் பதினாறு வயது. ஆயுதம் தரித்தவர்களின் ஒலிபெருக்கி அந்தத் தெருக்களில் ஓடியது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் தவணை கொடுக்கப்பட்டது. அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் 70,000-க்கு மேல். என் பள்ளிக்கூடக் காற்சட்டைகளையெல்லாம் தைத்துத் தந்த தையற்காரர் அன்றைக்குத் தம் மெஷினைக்கூட எடுக்காமல் போனார். அடுத்த வருஷம், ஷெல் விழுந்து உடைந்த எங்கள் பின்கட்டைத் திருத்துகையில், என் தந்தையார் எங்கோ மலிவாகக் கிடைத்ததென்று பச்சை வர்ணம் பூசிய தேக்கு யன்னல் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். “ஆற்றை வீட்டு யன்னலோ?” என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை. வெறுமையாக நின்ற வீடுகளிலிருந்து ஓடும் கதவும் கழற்றப்பட்டு விலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது என்பது எனக்கும் தெரியும், நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அந்த யன்னலின் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடம் படித்துவிட்டுத்தான் இந்தத் தேசத்துக்கு வந்தேன்.

அவுஷ்விட்ஸில் நடந்ததையும் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் ஒரே தராசில் வைப்பது பாதகம். அதை நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். ஆனால் அந்த மூதாட்டியின் முற்றத்துக் கல்லும் எங்கள் பின்கட்டு யன்னலும் எனக்கு ஒரே ஜாதிப் பொருள்களாகவே தோன்றுகின்றன. அவற்றின் மேல் விளையாடினவர்களும் அவற்றின் வெளிச்சத்தில் படித்தவர்களும் குழந்தைகள்தான். குற்றம் செய்தவர்கள் அல்லர். ஆயினும் அவை யாருடையவை என்ற கேள்வி அதனால் அவிந்துபோவதில்லை.

ஆகவே எங்கள் பிரயாணத் திட்டத்தை முற்றாக மாற்றி எழுதினோம். முதலில் போட்டிருந்த பட்டியலில் காலெரியஸ் சக்கரவர்த்தியின் வளைவு, அதன் அருகே வட்டமாய் நிற்கும் ரொத்தோண்டா, விருந்து, கடற்கரை நடை என்று வரிசையாக இருந்தன. ரொத்தோண்டாவை நீக்கவில்லை. ரோமர் கட்டிய அது கிறிஸ்தவக் கோயிலாகி, பிறகு பள்ளிவாசலாகி, இன்று அதன் பக்கத்தில் அந்தப் பட்டினத்தில் இடிபடாமல் எஞ்சிய ஒரே பாங்குக் கோபுரத்தோடு நிற்கிறது. அந்தக் கோபுரத்தின் அடியில் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருக்க உத்தேசம். இரண்டாவது, மொனாஸ்திரியோத்தர் என்னும் யூத ஜெபாலயம். செஞ்சிலுவைச் சங்கத்தார் உபயோகித்து வந்தபடியால் நாஜிகள் அழிக்காமல் விட்ட ஒன்று அது. யூத அரும்பொருட்சாலையில் மயானத்திலிருந்து மீட்கப்பட்ட கற்கள் சில இருக்கின்றன. மூதாட்டி எழுதித் தந்த இரண்டு எழுத்துக்களை அங்கே காட்டி விசாரிப்பேன். மொனாஸ்திர் சாலையில் முதல் உலக யுத்தத்தில் அவ்வூர்ப் போர்முனையில் மடிந்த இந்தியச் சிப்பாய்களின் மயானமும், தகனம் செய்யப்பட்டவர்களுக்கான ஞாபகச் சின்னமும் உள்ளன. அங்கே கொண்டுபோக என் மனைவி இப்போதே ஊதுபத்தி வாங்கி வைத்திருக்கிறாள்.

2024 நவம்பர் 30-ல் திறந்த நிலத்தடி ரயிலிலும் ஏறிப் பார்க்க வேண்டும். 2006-ல் தொடங்கிய வேலை அத்தனை வருஷம் இழுபட்டதற்குத் தோண்டத் தோண்டப் புராதனப் பொருள்கள் வெளிப்பட்டதும் ஒரு பிரதான காரணம். வெனிசெலோஸ் நிலையத்தில் பழைய ராஜவீதி ஒன்று சலவைக்கல் பாவியபடியே அகப்பட்டது. அதைப் பெயர்த்தெடுக்கலாமா கூடாதா என்று நீதிமன்றம் வரை வழக்காடி, கடைசியில் பெயர்த்து, நிலையத்தைக் கட்டியபின் அதே இடத்தில் திரும்பவும் பதித்திருக்கிறார்கள். பெயர்த்திருக்கவே கூடாது என்பவர்களின் பக்கமே என் மனம் நிற்கிறது. என்றாலும், பெயர்த்த கல்லைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் காரியம் நடக்கக்கூடியது என்பதை என் கண்ணால் காண விரும்புகிறேன்.

மேல்நகரத்து வீடு இன்னும் இருக்கிறதா என்று மூதாட்டிக்குத் தெரியாது. தாளின் ஓரத்தில் அந்த ஒழுங்கையின் பெயரை எழுதி, மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும் என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். கல் அங்கே இருந்தால் யாரிடம் அறிவிக்க வேண்டும் என்பதைக் கேட்டு வரும்படிதான் சொன்னார். புகைப்படம் வேண்டாம் என்றார்.

அன்றிரவே யாழ்ப்பாணத்தில் பிறந்தவீட்டிலேயே இருக்கும் என் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்கட்டு யன்னல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “இருக்குது அண்ணை, ஏன் இப்ப கேக்கிறியள்?” என்றாள். சொன்னேன். நெடுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. தையற்காரரின் மகன் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பழைய தெருவில் சிறு கடை போட்டிருப்பதாகவும், அவரிடம் விசாரித்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றும் பிறகு தானாகவே சொன்னாள். நேற்றுக் காலை அவளிடமிருந்து செய்தி வந்திருக்கிறது: உயரம் மூன்றடி எட்டங்குலம், அகலம் இரண்டடி ஒன்பதங்குலம், மேலே மூன்று முறை வர்ணம் மாறியிருந்தாலும், கீழ்ச்சட்டத்தைச் சுரண்டிப் பார்த்ததில் பச்சை தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள நண்பன்.