காயாத வள்ளம்

போன மார்கழியில் எங்கட வள்ளத்தின் அடியில் நாங்கள் போட்ட ஒட்டு பதினெட்டு நாள்தான் நின்றது. பத்தொன்பதாம் நாள் விடியப்புறம் மண்டைதீவுப் பக்கமாக அப்பா வலை எடுத்துக்கொண்டு நிற்கும்போது காலுக்குக் கீழே தண்ணி ஏறியிருக்கிறது. வெட்டின எண்ணெய்க் கானால் இறைத்து இறைத்து, பாதி வலையைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே நின்ற எங்களோடு ஒரு சொல்லும் பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் என்றால் அண்ணனும் தங்கச்சியும். குருநகரில் பிறந்தும் கடல் தொழிலுக்குப் போகாத ஆட்கள். "நீங்கள் படியுங்கோ, வள்ளத்தை நான் பாக்கிறன்" என்பதுதான் அப்பாவின் சட்டம். அந்தமுறை அவருக்குக் காய்ச்சல். அதுதான் நாங்கள் கை வைத்தோம்.

எங்களுடையது பதினெட்டு அடிப் பைபர் வள்ளம். எங்கள் பக்கக் கடல் ஆழமில்லாத களப்பு. தண்ணி வற்றின நேரம் வள்ளம் கல்லில் ஏறும், மணலில் உரசும். கரையில் இழுக்கும்போது இன்னும் கொஞ்சம் தேயும். அப்படித்தான் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. நாங்கள் யூடியூப்பில் இரண்டு வீடியோ பார்த்தோம். இரண்டு மழைக்கு நடுவில் துணியால் துடைத்து, கண்ணாடி நார் மற்றை வைத்து, றெசினைப் பூசினோம். பளபளவென்று வந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டோம். (பிறகு அழித்தோம்.)

அந்த ஸ்டேட்டஸைப் பார்த்து நோர்வேயில் இருக்கிற பெரியம்மாவின் மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காயவிட்டனீங்களோ?" அவனுக்கும் வள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. அவனிடம் இருப்பது ஸ்னோஸ்கேட். சக்கரமில்லாத ஸ்கேட்போர்ட் மாதிரி ஒரு பலகை, பனியில் சறுக்குவதற்கு. கல்லில் பட்டு அதன் அடி கீறுப்பட்டால் வீட்டுக்குள் கொண்டுவந்து துடைத்துக் காயவைத்து, பொலித்தீன் குச்சியைக் கொளுத்திக் கீறலுக்குள் சொட்டவிட்டு, ஆறினதும் தகட்டால் சுரண்டிச் சமப்படுத்தி, மெழுகு தேய்ப்பானாம். "ஈரம் இருந்தா ஒண்டும் பிடிக்காது" என்றான். நாங்கள் சிரித்தோம். 1960களின் கடைசியில் காரைநகரில் சீநோர் தொடங்கிப் பைபர் வள்ளம் கட்ட உதவினது நோர்வே. இப்ப அங்கே போன எங்கட பொடியன் எங்களுக்குப் பாடம் எடுக்கிறான் என்று பகிடி வேறு விட்டோம்.

தண்ணி ஏறின அன்றைக்குப் பிறகு வள்ளம் கவிழ்த்தபடி கிடந்தது. அப்பா வேறொருவரின் வள்ளத்தில் ஆளாகப் போனார். 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது ஊருக்கே உழைப்பில்லை. இந்தமுறை எங்கள் வீட்டுக்கு மட்டும். அது வேறு மாதிரி வலிக்கும். "மாசி வெயில் வரட்டும்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மாசியில் அவரே கூப்பிட்டார். கையில் கிரைண்டர் இல்லை, ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி. அதால் அடியைத் தட்டிக்கொண்டே போனார். "கேக்குதோ? நல்ல இடம் டிக் எண்டும். செத்த இடம் டொப் எண்டும்." வெடிப்பு ஒரு சாண்தான். ஆனால் டொப் என்ற இடம் அதைப்போல மூன்று மடங்கு. உள்ளே படைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று, இடையில் உப்புத்தண்ணி நின்றிருக்கிறது. கிரைண்டரை வைத்ததும் எங்கள் ஒட்டு அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அதன் அடியில் இன்னும் ஈரம்.

பிறகு நடந்தது திருத்தம் மாதிரியே தெரியவில்லை. செத்த இடம் முழுவதையும் அரைத்து எடுத்தோம். ஓரத்தைச் செங்குத்தாக விடக்கூடாது. தடிப்பைப்போல பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாக இறக்க வேண்டும், அப்பத்தான் புதுப் படை பழசில் பிடிக்கும். அம்மா வந்து பார்த்துவிட்டு, "திருத்தச் சொன்னா உடைக்கிறியளோ?" என்றா. நியாயமான கேள்வி. கையளவு வெடிப்பு இருந்த இடத்தில் இப்போது சுளகு அளவு பள்ளம்.

உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால் நான்கு நாள் நல்ல தண்ணியால் கழுவிக் கழுவிக் காயவிட்டோம். காய்ந்ததோ என்று கையால் தடவிப் பார்த்தால் பொய் சொல்லும். பொலித்தீன் துண்டொன்றைச் சுற்றிவர ரேப்பால் ஒட்டி இரவு விட்டோம். விடிய அதன் உள்பக்கம் முத்து முத்தாய் வியர்வை. இன்னும் ஐந்து நாள். தங்கச்சிக்குப் பொறுமை போய்விட்டது, அண்ணனுக்கு அதற்கு முதலே போய்விட்டது. மூன்றாம் முறை பொலித்தீன் வறண்டு இருந்தது.

றெசின் வேலை ஒரு பின்னேரமும் அடுத்த நாளும்தான். 100 கிராம் றெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 கிராம். எங்கள் வெயிலுக்குக் குறைந்த பக்கமே போதும், கூடினால் பூச முதல் கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருநாளும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். எல்லாப் படையையும் ஒரேயடியாகப் போட்டால் சூட்டில் புரளும், அதனால் இரண்டு நாளாய்ப் பிரித்துப் போட்டோம். ஒவ்வொரு படையிலும் பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். நாரை அரைக்கும்போது மாஸ்க், கண்ணாடி, நீளக்கைச் சட்டை கட்டாயம். உடம்பில் பட்டால் பச்சைத் தண்ணியில் குளியுங்கள். நாங்கள் சொறிந்த சொறி எங்களுக்குத்தான் தெரியும்.

கடைசிப் பூச்சு முடிந்ததும் இந்தமுறை ஸ்டேட்டஸ் போடவில்லை.

அப்பா இறக்கின முதல் இரவு நாங்கள் இருவரும் படுக்கவில்லை. விடியப்புறம் கரைக்குப் போனோம். வள்ளம் வந்தது. வழமையான வேகம், கானால் இறைக்கிற கை ஒன்றும் தெரியவில்லை. அப்பா மீன் பெட்டியை எங்களிடம் தந்துவிட்டு, குனிந்து உள்ளடியில் கை வைத்துத் தடவிக் காட்டினார். வறண்ட கை. பிறகு சட்டைப் பையில் இருந்து அந்த இரண்டு ரூபாய்க் குற்றியை எடுத்து, அணியப் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுவும் டொப் எண்டுது. வாற ஞாயிறு பூசை முடிய ரெண்டு பேரும் வாங்கோ. கவிழ்ப்பம்."