பழைய புல்லட்டும் பரிசோதனை நாளும்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

1994 நவம்பரில் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து டிஎன் 25 வரிசையில் பதிவாகி, அன்று முதல் செங்கம் சாலைக்கும் வேலூர் சாலைக்கும் சலியாமல் ஓடிவரும் என் புல்லட்டின் ஆர்.சி. புத்தகத்தை இன்று எடுத்துப் புரட்டினேன். சொந்த உபயோகத்துக்கான வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லும், பின்னர் அதிகாரியிடம் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அந்தக் கணக்கின்படி இதன் தவணை வருகிற நவம்பரில் முடிகிறது. காலாவதிக்கு 60 நாட்களுக்குள் விண்ணப்பம் கொடுக்கலாம் என்பதால் ஆயத்தங்களை இப்போதே தொடங்குவது உசிதம்.

தேரடி வீதியில் நம்மை ஏற்றிச் செல்லும் ஆட்டோ, 8 வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போய் நின்றாக வேண்டும். அதே வீதியில் அதற்குப் பக்கத்திலேயே ஓடும் என் வண்டிக்கோ அந்த நிர்ப்பந்தம் கிடையாது. இங்கிலாந்தில் 1960-இல் 10 வயதான வண்டிகளுக்கென்று ஆரம்பித்த கட்டாயப் பரிசோதனை, 1967-க்குள் 3 வயதானவற்றுக்கெல்லாம் வருஷாந்தரக் கடமையாகிவிட்டது. பிரேக் தேய்வதற்குச் சொந்த வண்டி, வாடகை வண்டி என்ற பேதம் இல்லை என்பதை அந்நாட்டார் சீக்கிரமே உணர்ந்துகொண்டார்கள் போலும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலையிலேயே மெக்கானிக் பாயின் பட்டறைக்குப் போய்விட்டேன். 1950-களில் இந்திய ராணுவத்தின் தேவையை ஒட்டி, 1955-இல் சென்னையில் உற்பத்தி ஆரம்பமான புல்லட், 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சினோடு பல்லாண்டுக் காலம் பெரிய மாறுதல் இன்றியே வெளிவந்துகொண்டிருந்ததால், இதன் உதிரிப் பாகங்கள் இன்றும் அகப்படுகின்றன. அவற்றின் குணதோஷம் அறிந்த கைகளும் இருக்கின்றன.

பின்சக்கரத்தருகே குனிந்தவுடனே பாய் விஷயத்தைக் கண்டுகொண்டார். பிரேக் ராடின் நட்டு மரையின் கடைசிவரை ஏறியிருந்தது. உள்ளே லைனிங் தேயத் தேய வெளியே நட்டை இறுக்கிச் சரிக்கட்டிக்கொண்டே போனால், இறுக்குவதற்கு இடமே இல்லாத ஒரு நாள் வந்துதான் தீரும். ஷூக்களை மாற்றினோம். டயரின் பள்ளம் இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. நம்முடையதில் அதற்கு மேலேயே இருந்தது. பாயிண்ட் இடைவெளியைக் கேஜ் வைத்து 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழலுமளவுக்கு டேப்பெட்டையும் சரிசெய்தார்.

கடைசியாகப் புகை. 2000 மார்ச்சுக்கு முந்திய இரு சக்கர வண்டி ஐட்லிங்கில் விடும் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதத்துக்கு மேற்படக் கூடாது. "காத்தக் கொஞ்சம் கூட்டி வச்சா அளவு கண்டிப்பா வந்துடும் சார். ஆனா அப்படியே ஓட்டினீங்கன்னா எஞ்சின் சூடேறிடும்" என்றார் பாய். அளவு வருவதற்காக மட்டும் ஒரு திருகு, ஓடுவதற்காக மற்றொரு திருகு என்று இருவகை தர்மம் வைத்துக்கொள்ளாமல், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரையும் மாற்றிய பின் சோதித்ததில், சூழ்ச்சி எதுவும் தேவைப்படாமலே அளவு வரம்புக்குள் அடங்கிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

ஊரில் இன்று கழுவப்படாத வண்டி இல்லை. சந்தனமும் குங்குமமும் மாலையுமாக வரிசையில் நின்றவை சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டன. சட்டம் எட்டிப் பார்க்க 15 ஆண்டுகள் காத்திருக்கையில், நம் சம்பிரதாயம் வருஷந்தோறும் தவறாமல் வண்டியின் முன் வந்து நிற்கிறதே என்று வியந்தேன். ஆனால் அந்தச் சிரத்தை அநேகமாக டேங்கின் பளபளப்போடு நின்றுவிடுகிறது. மாலை சூடிய ஹாண்டிலில் கிளட்ச் கேபிள் இழை இழையாக அறுந்துகொண்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அக்டோபர் 17, வியாழன். பௌர்ணமி

நேற்று இரவு முதல் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஜனசமுத்திரம். வெறுங்காலோடு, குழந்தையைத் தோளில் சுமந்து, மலையையே பார்த்தபடி நடக்கிறவர்கள் வழியில் வரும் வண்டிகளைக் கவனிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது; ஆதலால் பாதை வந்து சேரும் ஊர்ச் சாலைகளில் வண்டியை நிறுத்தவேண்டிய முழுப் பொறுப்பும் ஓட்டுகிறவனையே சாரும். புது ஷூ பழகிவிட்டது. பெடலை மிதித்தால் வண்டி குலுங்காமல் நிற்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பென்சிலால் தேய்த்தெடுத்த சேஸிஸ் எண் எல்லாவற்றையும் சமர்ப்பித்து, கட்டணமாக 1,000 ரூபாயும் பசுமை வரியும் கட்டினேன். ஆய்வாளர் எண்ணை ஒப்பிட்டார், விளக்குகளையும் ஹாரனையும் பிரேக்கையும் இயக்கிக் காட்டச் சொன்னார், கையொப்பமிட்டார். வேலை விரைவில் முடிந்துவிட்டது.

அவர் பார்த்த நேரம் போதாது என்று குறைகூற எனக்கு மனமில்லை. அவர் கையெழுத்து, வண்டி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. 2029 வரை அது எப்படி இருக்கும் என்பதற்கு ஜாமீன் கொடுக்க எந்த அதிகாரியாலும் ஆகாது. பரிசோதனையின் பலன் பெரும்பாலும் அதற்கு முந்திய வாரங்களில், பட்டறையில், நாம் நட்டையும் மரையையும் உற்றுப் பார்க்கும் போதே கிட்டிவிடுகிறது. அந்தப் பார்வையை 5 ஆண்டுகளுக்கு ஒத்திப்போடுவானேன்? இனி ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முந்திய ஞாயிறு பிரேக், டயர், கேபிள், விளக்கு என்ற கிரமத்தில் பார்த்து, தேதியிட்டு இதே நோட்டில் எழுதிவைப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். சந்தனப் பொட்டு அதற்குப் பிறகுதான்.