கட்டைவிரல் பதம்

லீக் சீசன் நெருங்கிவிட்டால் கிளப் கமிட்டியில் முதலில் கிளம்புகிற விவாதம் ஜெர்சியின் நிறம். அதற்கென்றே ஒரு சாயங்காலம் போகும். போண்டா வரும், காபி வரும், நீலமா கருநீலமா என்று குரல் உயரும். யாராவது பிட்ச் பற்றி வாயைத் திறந்தால், "அதை மார்க்கர் பார்த்துப்பார்" என்று ஒரே வரியில் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். மைதானத்தைப் பராமரிப்பவரைச் சென்னையில் நாங்கள் மார்க்கர் என்றுதான் சொல்வோம்.

செயலாளரான புதிதில் என் ஞானமும் பெரிதாக ஒன்றுமில்லை. நான் மேட்டிங்கில் ஆடி வளர்ந்தவன். தேங்காய்நார்ப் பாயை விரித்து, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து ஓரத்தில் ஆணி அடித்தால் விக்கெட் தயார். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி ஷெட்டில் போட்டுப் பூட்டிவிடலாம். டர்ஃப் என்றால் பாய்க்குப் பதில் புல், அவ்வளவுதானே என்ற தெம்பில் பதவி ஏற்றேன். கையில் டைரி, சட்டைப்பையில் இரண்டு பேனா வேறு.

எங்கள் மார்க்கர் அண்ணனுக்கு அப்போதே ஐம்பது இருக்கும். கடைசி மேட்ச் முடிந்து எல்லோரும் கிட்பையைப் பரணில் ஏற்றுகிற நேரத்தில்தான் அவருடைய சீசன் தொடங்கும். 22 கஜ நீளம், 10 அடி அகலம். அந்தத் துண்டு நிலத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செத்த புல்லையும் நாரையும் வாரி எடுப்பார். பந்துவீச்சாளர்கள் காலால் தோண்டிய குழிகளைக் கொத்தி நனைத்து, புதுக் களிமண் வைத்து இடிப்பார். சலித்த மண்ணைத் தூவுவதற்கு முன் பழைய தரை முழுவதையும் கீறிவிடுவார். வழவழவென்று இருப்பதை ஏன் அண்ணே கெடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கீறலைன்னா புது மண்ணு பழசைப் பிடிக்காது சார். தனியா நிக்கும். அப்புறம் பந்து எழும்பாது, கணுக்கால்லயே வரும்" என்றார்.

பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்தான் இங்கேயும் வளர்கிறது. வேர் ஆழத்தில் இறங்கி அங்குள்ள ஈரத்தை உறிஞ்சுவதால்தான் களிமண் அடிவரை சீராக உலர்ந்து இறுகும். மண் பெயர்ந்து போகாமல் பிடித்து வைப்பதும் வேர்தான். மேலே பச்சையாகத் தெரிவதை வைத்துப் பிட்சை எடைபோடுகிற வர்ணனையாளர்களை இன்றைக்கும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மண்ணுக்கு மண் குணம் வேறு. சேப்பாக்கத்தில் செம்மண் பிட்சும் உண்டு, கரிசல் பிட்சும் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்தோடு நடந்த டெஸ்டைச் செம்மண்ணில் வைத்தார்கள். சுழலுக்குப் பேர்போன மைதானத்தில் முதல் நாள் காலை வேகப்பந்துக்கு இந்தியா 34 ரன்னில் 3 விக்கெட். "தாத்தா, இது சேப்பாக்கம்தானா?" என்றான் பேரன். எங்கள் கிளப்புக்கு வாய்த்ததோ ஏரிக் கருங்களி. குடித்த தண்ணீரை லேசில் விடாது.

அதனால் காத்திருக்கத்தான் வேண்டும். அடிவரை ஊற ஊற்றிவிட்டு அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். நான் டைரியோடு குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். அவ்வப்போது எழுந்துபோய்க் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். விரலில் மண் ஒட்டினால் பதம் வரவில்லை. விரலே இறங்காவிட்டால் பதம் தப்பிவிட்டது. தடம் விழ வேண்டும், விரல் சுத்தமாக வர வேண்டும். ஈரம் அதிகமாக இருக்கும்போது ரோலரை ஏற்றினால் மண் அதில் ஒட்டிக்கொண்டு மேல்தரையே பெயர்ந்துவிடும்.

ஒருநாள் பதம் வந்ததும், நெட்ஸுக்கு வந்த கல்லூரிப் பையன்களை ரோலர் தள்ளச் சொன்னேன். யார் முதலில் அந்த முனைக்குப் போவது என்று பந்தயமே கட்டிவிட்டார்கள். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கோபப்படவில்லை. "தேர் நிலைக்கு வர்ற வேகத்துல போகச் சொல்லுங்க சார். மெதுவாப் போனாத்தான் கனம் அடிக்கு இறங்கும்" என்றார். மயிலாப்பூர்ப் பையன்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இன்னிங்ஸ் தொடங்குவதற்கு முன் பேட்டிங் கேப்டன் கேட்டால் அதிகபட்சம் 7 நிமிடம் ரோலர் ஓட்டலாம் என்று விதியில் இருக்கிறது. ஹெவியா லைட்டா என்று கேப்டன்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு யோசிப்பதைப் பார்த்தால், அந்த 7 நிமிடத்தில்தான் பிட்சே உருவாகிறது என்று தோன்றும்.

இப்போது அண்ணனின் மகன்தான் மார்க்கர். 2019 கோடையில் சென்னை முழுக்கக் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்றதே, அப்போது பிட்சுக்கு ஒரு லாரி தண்ணீர் விலைக்கு வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. அந்தத் தம்பிதான் வேண்டாமென்றது. "வாசல்ல குடத்தோட நிக்கிறாங்க சார். உள்ளே தரைக்கு ஊத்தினா நல்லாருக்காது. அருகு சாகாது, விடுங்க." புல் பழுப்பாகி, பார்க்கவே வயிறு எரிந்தது. மழை இறங்கியதும் முளை விட்டுப் படர்ந்துவிட்டது.

மேட்ச் இல்லாத மாதங்களில் மார்க்கருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கிற கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த மாதத்தில் என்ன வேலை நடக்கிறது என்று தெரியாதவர்கள் போட்ட கணக்கு அது. இந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்துக்குத் தம்பியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டோம். கிழிந்த தார்ப்பாய்க்குப் பதில் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் போதும். புல்வெட்டும் மெஷின் பிளேடுக்குச் சாணை. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர். ரோலர் கைப்பிடிக்கு வெல்டிங். பொருளாளர் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஸ்டார்ட்டர் மறுநாளே வந்துவிட்டது. வெல்டிங்காரர்தான், ஆடி போகட்டும் சார் என்கிறார்.