வாசலில் கார் நிற்காத வோபான்: ஜெர்மனியில் ஒரு சூரியக் குடியிருப்பு

புது வீட்டுக்கு வரைபடம் போடும்போதே, கார் நிறுத்த ஓர் இடம் ஒதுக்கிவிடுவார்கள். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரைபுர்க் நகரத்தில் உள்ள வோபான் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த இடமே கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டாம் என்று பேசி முடிவெடுத்த பிறகே வீடு கட்டினார்கள்!

ராணுவ முகாம் வீடான கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கே முகாமிட்டிருந்தது பிரெஞ்சு ராணுவம். 17-ம் நூற்றாண்டில் ஃப்ரைபுர்க்கில் கோட்டை கட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் வோபானின் பெயரையே முகாமுக்கு வைத்தார்கள். 1992-ல் படை வெளியேறியது. சுமார் 100 ஏக்கர் நிலம் காலியானது.

ஃப்ரைபுர்க் மக்களுக்கு மின்சாரம் வெறும் பில் சமாச்சாரம் அல்ல. 1975-ல், பக்கத்து வீல் கிராமத்தில் அணு மின் நிலையம் வரவிருந்தபோது விவசாயிகளும் மாணவர்களும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிலையம் கடைசிவரை வரவில்லை. ‘அது வேண்டாம் என்றால், மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் வீடு வேண்டுமே’ என்ற கேள்வி மட்டும் தங்கிவிட்டது. அதற்கான பதில்களில் ஒன்றுதான் வோபான்.

நிலத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்காமல் சிறு மனைகளாகப் பிரித்தார்கள். பல குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு மனையை வாங்கி, தாங்களே கட்டடக் கலைஞரை அமர்த்தி அடுக்குமாடி கட்டிக்கொண்டன. குடியேறும் முன்பே அக்கம்பக்கத்தார் பழகிவிட்டார்கள்.

வெயிலைத் தேடும் வீடு

குளிர்காலத்தில் உறைபனி விழும் ஊர் இது. வீட்டைச் சூடாக்குவதுதான் பெரிய செலவு. அதனால், சூடேற்ற ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 65 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது இங்கே கட்டாய விதியானது. ‘பாஸிவ் ஹவுஸ்’ எனப்படும் வீடுகளுக்கோ 15 யூனிட்டே போதும். அதாவது, சுமார் 1,075 சதுர அடி வீட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் 1,500 யூனிட்.

எப்படி முடிகிறது? கனமான வெப்பத்தடுப்புச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், இடுக்கில்லாத கட்டுமானம். வெளியேறும் காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றித் தருகிறது ஒரு கருவி.

கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் வடிவமைத்த 59 வீடுகள் இன்னும் ஒரு படி மேல். மஞ்சள், நீலம், சிவப்பு என வண்ணம் பூசிய இந்த வீடுகளின் கூரை முழுக்க சோலார் தகடுகள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், செலவழிப்பதைவிட அதிகம் தயாரிக்கும்படி அமைக்கப்பட்டவை. மிச்ச மின்சாரத்தை விற்றுக் காசாக்கலாம். பெரிய ஜன்னல்கள் தெற்கே பார்க்கின்றன. குளிர்காலத்தில் தாழ்வாக வரும் வெயில் அறைக்குள் விழும். கோடையில் உச்சியில் நிற்கும் வெயிலை நீண்ட கூரை மறைத்துவிடும்.

தெரு பிள்ளைகளுக்கு

வீட்டுத் தெருக்களில் கார் நடைவேகத்தில்தான் வரலாம். மூட்டை முடிச்சை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். குடியிருப்பின் ஓரத்தில் இருக்கும் பல மாடி நிறுத்தகங்களில்தான் இடம். அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். பல ஆயிரம் யூரோ ஆகும்.

ஆனால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் இடம் வேண்டும் என்றது கட்டடச் சட்டம். கார் இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது? சங்கம் அமைத்து, ஆளுக்கொரு தொகை போட்டு, பின்னால் நிறுத்தகம் கட்டத் தோதாக ஒரு காலி நிலத்தை ஒதுக்கிவைத்தார்கள். சட்டமும் திருப்தி, நிலமும் பசுமை!

தெருக்களில் சைக்கிள் பழகும் குழந்தைகள், கல்லில் சாக்பீஸ் ஓவியங்கள், வாசலில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள். 2006-ல் டிராம் வந்தது. தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்கிறது. பெரும்பாலான வீடுகளிலிருந்து நிறுத்தத்துக்கு நடந்தே போய்விடலாம்.

சிக்கலும் உண்டு

மழையில் கைக்குழந்தையோடும் காய்கறிப் பையோடும் நிறுத்தகத்திலிருந்து நடப்பது சிரமம்தான். கார் வைத்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு என்ற முணுமுணுப்பும் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது வீட்டு விலை. பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்று பெயர் வாங்கியதும் விலை ஏறிவிட்டது. அன்று கூட்டாகச் சேர்ந்து கட்டியவர்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள், இன்று இங்கே வீடு வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறது.

சோலார் தகடு யாரும் வாங்கி மாட்டலாம். அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து ‘தெரு யாருக்கு?’ என்று பேசி முடிவெடுப்பதுதான் கடினம். சுமார் 5,500 பேர் வாழும் வோபானில் பார்க்க வேண்டியது அந்த முடிவைத்தான்.

போகிறவர்களுக்கு...

ஃப்ரைபுர்க் ரயில் நிலையத்திலிருந்து 3-ம் எண் டிராமில் சுமார் கால் மணி நேரம். புதன்கிழமை மதியம் போனால், ஆல்ஃபிரட் டோப்ளின் சதுக்கத்தில் உழவர் சந்தையையும் பார்க்கலாம். மக்கள் வாழும் வீடுகள் என்பதால், ஜன்னலை எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.