இரவற் பெயர்களில் ஓடியவர்கள்

பெயர் என்பது பெற்றோர் இடுவது. பெரும்பாலோர் அதனையே சாகும்வரை சுமப்பர். துறவு பூண்டவன் பழம்பெயரைத் துறக்கிறான். எழுத்தாளன் புனைபெயரொன்றைச் சூடிக்கொள்கிறான். இவ்விரு வகையிலும் அடங்காதோர் சிலர் உண்டு. வயது போதாமையால் இன்னொருவரது பெயரையோ, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையோ இரவல் வாங்கி, அந்த இரவலின் பேரில் தம் உயிரைப் பணயம் வைத்தோர் அவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே தோன்றிய றோட்ஸ்டர்ப் பந்தயத்தின் கதை, பெருமளவிற்கு இத்தகைய இளைஞரின் கதையேயாகும்.

றோட்ஸ்டர் என்பது கூரையற்ற, இருவர் அமரக்கூடிய சிறு கார். போர்ட் நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 'ரி' மாதிரிக் கார்களைச் செய்து விற்றது. அவற்றுட் பல, முப்பதுகளிற் பழைய இரும்புக் கொட்டில்களிலே மலிவாகக் கிடந்தன. 1932 இல் அதே நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கத்தக்க விலையிற் சந்தைக்குக் கொணர்ந்தது. பழைய காரின் இலேசான உடல், புதிய எஞ்சினின் வலு ஆகிய இரண்டையும் பொருத்திப் பார்க்கும் எண்ணம், கையிற் காசும் குறைவாய் மனதில் அவாவும் மிகுதியாய் இருந்த இளைஞருக்கு எழுந்தது இயல்பே. மட்காட்டைக் கழற்றினர், விளக்குகளையும் முன் கண்ணாடியையும் அகற்றினர், எஞ்சினைத் தம் கையாற் பிரித்துத் திருத்தினர். லொஸ் ஏஞ்சல்சுக்கு வடக்கே மூறொக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளிலே நேர்கோட்டில் ஓட்டி, வேகத்தை அளந்து மகிழ்ந்தனர். இவ்வோட்டங்களை ஒழுங்குசெய்யத் தென் கலிபோர்னியாவில் 1937 இல் ஒரு சங்கமும் அமைந்தது.

ஏரிப் படுகையில் ஓடியவன் கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிட்டான். போருக்குப் பின்னர் இந்நிலை மாறியது. கலிபோர்னியா றோட்ஸ்டர்ச் சங்கத்தின் ஆதரவில் இதே கார்கள் வட்டப் பாதைக்கு வந்தன. கார்டீனா என்னும் ஊரிலிருந்த கரல் பந்தயத் திடல் அவற்றின் முக்கிய களங்களுள் ஒன்று. அஃது அரைமைல் நீளமான மண் பாதை. அப்பாதையிலே வளைவை வெல்வது சுக்கானால் மட்டும் ஆகும் காரியமன்று. இடப்புறம் திரும்பவேண்டிய காரின் பின்பாகத்தை வலப்புறமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரங்களை வளைவுக்கு எதிர்த்திசையிற் பிடித்தபடி, எண்ணெய் மிதியைக் கூட்டியும் குறைத்துமே காரைத் திசைப்படுத்தவேண்டும். முன்னாற் செல்பவனின் சக்கரம் கிளப்பும் புழுதியும் மண்கட்டியும் பின்வருபவனின் முகத்திலே அறையும். பலர் அணிந்திருந்தது ஒரு தலைக்கவசமும் சாதாரண மேற்சட்டையுமே. கார் குடைசாயுமிடத்துத் தலையைக் காக்கும் இரும்பு வளைவு அந்நாளைய கார்களில் இருக்கவில்லை.

இப்பந்தயத்தைக் கனவான்களின் விளையாட்டாக எவரும் கொள்ளவில்லை. வீதியிற் கண்மூடித்தனமாகக் காரோட்டித் திரியும் காவாலிகள் என்றே இவ்விளைஞரைச் செய்தித்தாள்கள் வருணித்தன. முறையான பந்தயக் காரொன்றை வாங்க வசதியற்றவனுக்கு றோட்ஸ்டர் ஒன்றே வாயில். அந்த வாயிலிலும் ஒரு தடை இருந்தது, அது வயது.

ஒக்லஹோமாவிற் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த ட்றோய் றட்மன் பதினைந்தாவது வயதிலேயே பந்தயத்தில் இறங்கினார். அவர் காட்டியது தம் ஒன்றுவிட்ட சகோதரரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம். வயதுக்கு மீறிய உடல்வாகு அவரது. பத்திரத்தை ஐயுற எவருக்கும் தோன்றவில்லை. இந்தியானாபொலிஸ் ஐந்நூறு மைற் பந்தயத்தில் இருபத்தொரு வயது நிரம்பாதோர் ஓடலாகாது என்பது அந்நாளைய விதி. றட்மன் அங்கு முதன்முதல் ஓடிய 1949 இல் அவருக்கு வயது பத்தொன்பதே.

றாத்மன் சகோதரரின் செய்தி இதனினும் விந்தையானது. இளையவரின் இயற்பெயர் றோயல் றிச்சர்ட்; மூத்தவர் பெயர் ஜேம்ஸ். வயது போதாத இளையவர் அண்ணனின் பெயரை எடுத்துக்கொண்டு ஜிம் ஆனார். பெயரைக் கொடுத்த அண்ணன் தம்பியின் பெயரிலே டிக் ஆனார். பின்னர் இருவருமே புகழ்பெற்ற சாரதிகளாயினர். ஆயினும் இரவலை எவரும் திருப்பிக் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. ஜிம் றாத்மனும் அவரைப் போன்றே கலிபோர்னியாவைச் சேர்ந்த பற் பிளாகெற்றியும் சிக்காகோவுக்குச் சென்று, அன்டி கிறனட்டெல்லி சோல்ஜர் பீல்ட் அரங்கிலே நடத்திய றோட்ஸ்டர்ப் பந்தயங்களில் ஓடினர். வறண்ட ஏரியில் விளைந்த விளையாட்டு இவ்வாறு மாநகரின் நடுவே பெருங்கூட்டத்தைக் கூட்டியது.

1952 ஆம் ஆண்டின் ஐந்நூறு மைற் பந்தயம் இவ்விளைஞரின் வரலாற்றிலே தனியிடம் பெறுவது. இரு நூறு சுற்றுகளில் நூற்றைம்பதை முன்னணியில் ஓடி முடித்தவர் பில் வூக்கோவிச். எட்டே சுற்றுகள் எஞ்சிய நிலையில் அவரது காரின் சுக்கான் இணைப்பிலே சிறு உறுப்பொன்று பழுதுற்றது; கார் மதிலோரம் உராய்ந்து நின்றது. வெற்றி றட்மனைச் சேர்ந்தது. அவருக்கு அடுத்து வந்தவர் ஜிம் றாத்மன். இரவற் பத்திரத்தோடு வந்தவர் முதலிடம், இரவற் பெயரோடு வந்தவர் இரண்டாமிடம்! அன்று றட்மனின் வயது இருபத்திரண்டு ஆண்டும் எண்பது நாளும். அப்பந்தயத்தை வென்றோருள் மிக இளையவர் என்ற அவரது சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அதே ஆண்டிலே வேறொரு பந்தயத்தில் அவரது கை மோசமாக முறிந்தது. 1953 முழுவதும் அவர் ஓடவில்லை.

அன்று வூக்கோவிச் ஓட்டிய காரும் கருதத்தக்கது. பிராங்க் குர்ட்டிஸ் என்னும் வினைஞர் எஞ்சினை நடுவிலே வைக்காது இடப்புறம் ஒதுக்கி வைத்தார். சக்கரத்துக்கு வலுக் கொடுக்கும் தண்டும் உடன் ஒதுங்கியது. ஆகவே சாரதி தண்டின்மேல் அமராது, அதன் பக்கத்திலே தாழ அமர முடிந்தது. காரும் தாழ்ந்தது, பாரம் இடப்புறம் சேர்ந்ததால் இடவளைவுகள் எளிதாயின. இக்காரையும் மக்கள் றோட்ஸ்டர் என்றே அழைத்தனர். இரும்புக் கொட்டிலிற் பிறந்த பெயரை உயர்ந்த பந்தயக் காரொன்று இவ்வாறு இரவல் வாங்கிக்கொண்டது. வூக்கோவிச் அதே காரில் 1953 ஆம், 1954 ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து வென்றார்.

கலிபோர்னியா றோட்ஸ்டர்க் களங்கள் வளர்த்த இணைபிரியா நண்பர் ஜக் மக்கிராத்தும் மனுவல் அயூலோவும். 1951 இல் மக்கிராத்தின் காரை இடைநடுவில் ஏற்று அயூலோ ஓட்ட, இருவர் பெயரிலும் மூன்றாமிடம் பதிவாயிற்று. 1954 இன் தகுதிகாண் ஓட்டத்தில் மக்கிராத் மணிக்கு 141.033 மைல் வேகத்தை எட்டி, இந்தியானாபொலிசில் 140 மைலைக் கடந்த முதல்வரானார். அடுத்த ஆண்டு கொடியது. 1955 மே 16 ஆந் திகதி பயிற்சியோட்டத்தில் அயூலோவின் கார் மதிலில் மோதியது. மறுநாள் அவர் இறந்தார். நண்பனைப் பறிகொடுத்த மக்கிராத் இரு வாரத்துள் அதே பாதையிற் பந்தயத்துக்கு இறங்கி, வூக்கோவிச்சுடன் முன்னணிக்குப் போராடினார். அவரது கார் பழுதாகி விலகிய சிறிது நேரத்துள், மூன்றாம் தொடர்வெற்றியை நோக்கி முன்னணியில் ஓடிய வூக்கோவிச் விபத்திலே மாண்டார். நவம்பர் 6 ஆந் திகதி பீனிக்சில் மக்கிராத்தும் மடிந்தார். அமெரிக்க மோட்டார்ச் சங்கம் அவ்வாண்டோடு பந்தய நிருவாகத்திலிருந்தே விலகிக்கொண்டது.

இம்மரணங்களை வீரச்சாவு என்பதா, வீண்சாவு என்பதா? களத்திற் பட்டவனுக்கு நடுகல் நாட்டியது நம் பழைய மரபு. ஆனால் அவன் ஆநிரையை மீட்கவோ ஊரைக் காக்கவோ பட்டவன். இவர்கள் எதனைக் காத்தனர்? காத்தது எதுவுமில்லை என்பதே நேர்மையான விடை. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இவர்களின் சமவயதினர் பலர் போர்முனையிலே மடிந்திருந்தனர். பதினெட்டு வயதில் துப்பாக்கி ஏந்தலாம், இருபத்தொரு வயதுவரை பந்தயக் கார் ஓட்டலாகாது என்ற உலகம், அதே வயதினருக்கு முரணாகவே தோன்றியிருக்கும். ஆயினும் வயது விதி மூடவிதி என்று சொல்லத் துணிதல் தவறு. இரவற் பெயரோடு நுழைந்து வென்றவரை வரலாறு நினைக்கிறது. அவ்வாறு நுழைந்து பெயரின்றிப் போனவர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட ஏடில்லை. றட்மனின் சாதனையை வியக்கும்போது இவ்வெற்றிடத்தையும் உடன் எண்ணுவதே முறை.

காலம் மாறியது. 1956 இற் பிளாகெற்றி வென்றார். 1960 இல் ஜிம் றாத்மனும் றொஜர் வார்டும் மாறிமாறி முன்னேற, அப்பந்தயத்தில் முன்னணி இருபத்தொன்பது தடவை கைமாறியது. மூன்று சுற்றுகள் இருக்கையில் வார்டின் முன்ரயர் தேய்ந்து உள்நூல் தெரியவே, அவர் வேகத்தைத் தணித்தார். மூன்று முறை இரண்டாமிடத்தோடு திரும்பிய றாத்மனுக்கு வெற்றி கிட்டியது. 1963 இன் வெற்றியாளர் பார்னெல்லி ஜோன்சும் இவ்வழி வந்தவரே. வயது குறைந்த றூபசை எவரும் அடையாளம் காணாதிருக்க நண்பன் சூட்டிய பெயரே பார்னெல்லி. 1964 இல் ஏ. ஜே. பொயிற் பெற்ற வெற்றியோடு றோட்ஸ்டரின் காலம் முடிந்தது. மறு ஆண்டு ஜிம் கிளார்க் பின்புறம் எஞ்சின் அமைந்த காரில் வென்றார்.

இந்தியானாபொலிஸ் வெற்றியாளரின் முகங்கள் போர்க்-வோர்னர் கிண்ணத்திலே வெள்ளியிற் செதுக்கப்படுகின்றன. 1960 ஆம் ஆண்டுக்குரிய முகம் தம்பியுடையது. அதன்கீழ் உள்ள பெயர் அண்ணனுடையது. முப்பத்திரண்டு வயதை நெருங்கிய அவருக்கு அப்போது இரவல் தேவைப்படவில்லை. ஆயினும் பத்தொன்பது வயதுக்கு முன் வாங்கிய பெயர் முகத்தோடு ஒட்டிப்போயிற்று. கடன்பட்ட பெயருக்கு அவர் வட்டி கட்டியது அரைமைல் மண் பாதைகளிலே. அதே வட்டியை உயிராற் கட்டியோரின் முகங்கள் அக்கிண்ணத்தில் இல்லை.